பழைய அம்பாசிடர்: என்ஜினை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும். பழைய என்ஜினையும் கியர் பாக்ஸையும் அப்படியே வைத்துக்கொள்வதா, இறக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றிவிடுவதா? எல்லாக் கார்களையும் பற்றிப் பேச இன்றைக்கு நேரம் போதாது. கோவையில் என் பட்டறைக்கு அதிகம் வருவது அம்பாசிடர்தான். அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் கார். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஐம்பதுகளின் கடைசியில் செய்யத் தொடங்கி, 2014 வரை செய்தது. பழைய வண்டிகளில் இருப்பது இங்கிலாந்தின் பி.எம்.சி. கார் நிறுவனத்தின் ‘பி’ வரிசை பெட்ரோல் என்ஜின், 1489 சி.சி. நாலு கியர், அதுவும் ஸ்டியரிங் பக்கத்தில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே பாடிக்குள் கம்பெனியே இசுஸு 1.8 லிட்டர் என்ஜினையும் ஐந்து கியர் பாக்ஸையும் வைத்து விற்றது. ஆசை வருவதற்குக் காரணமே இதுதான். “கம்பெனியே மாத்திட்டான், நான் மாத்துனா என்னண்ணே?” என்று காரைக்குடிப் பக்கத்திலிருந்து தாத்தாவின் வண்டியோடு வந்த ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். நான் திருப்பிக் கேட்டது, “தம்பி, இப்ப உள்ளே இருக்கிறது எந்த என்ஜின்னு பார்த்தீங்களா?”

பேனட்டைத் திறந்தால் டீசல் என்ஜின். தாத்தா காலத்திலேயே மாற்றியிருக்கிறார்கள். இது நம் ஊரில் சர்வசாதாரணம். டீசல் விலை பெட்ரோலைவிட வெகுவாகக் குறைவாக இருந்த அந்தக் காலத்தில், டாக்ஸிக்காரர்கள் மட்டுமல்ல, வீட்டு வண்டி வைத்திருந்தவர்களும் டீசலுக்கு மாறினார்கள். மெட்டடார் வேன் என்ஜினைக்கூட அம்பாசிடருக்குள் இறக்கி ஓட்டியவர்கள் உண்டு. டீசல் என்ஜின் கனமானது. இந்த வண்டியின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார்தான், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் நீண்ட இரும்புக் கம்பி. கனம் கூடினால் மூக்கு தாழ்ந்துவிடும், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கத் தோள்பட்டை வேண்டும். ஆகவே, ஒரிஜினலா இல்லையா என்று விவாதிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள என்ஜின் நம்பரையும் எரிபொருள் என்ன போட்டிருக்கிறது என்பதையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் பொருள் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கலாம்.

சரி, பழைய பெட்ரோல் என்ஜினே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “என்ஜின் போச்சு” என்று சொல்லி வரும் வண்டிகளில் நிறைய என்ஜின்கள் போகவில்லை என்பது என் அனுபவம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி திக்கித் திணறுகிறதா? பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரின் உச்சியில் ஒரு மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் அடியில் ஒரு சின்னத் தண்டு ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் குழாய்க்குள் கொஞ்சம் மெல்லிய ஆயில் நிற்க வேண்டும். பல வண்டிகளில் அது காய்ந்து கிடக்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சட்டென்று மேலே எகிறி, காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, வண்டி முக்கும். சில சொட்டு ஆயில் விட்டதும் சரியாகப் போன வண்டிக்கு, புது என்ஜின் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சூடாவதும் அப்படித்தான். நம்மவர்கள் ரேடியேட்டருக்கு ஊற்றுவது போர்வெல் தண்ணீர். வருஷக்கணக்கில் உப்பு படிந்து, சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் பிளாக்குக்குள் தண்ணீர் போகும் வழியே அடைபட்டிருக்கும். ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்து மாட்டினால் மறுபடியும் கொதிக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு பிளக்குகளைத் தட்டி எடுத்து, உள்ளே கம்பி விட்டுக் கிளற வேண்டும். கடைசி சிலிண்டர் பக்கம் சேறாகவே வரும். அழுக்கான வேலை, ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. என்ஜினைச் சூடாக்கி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜ் வைத்துப் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து படுத்திருந்தால் பிளாக்குக்கும் அதை மூடும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகப்படலாம். கடைசியாகச் சொன்ன இரண்டுக்கும் என்ஜினை இறக்கவே வேண்டாம், ஹெட்டைக் கழற்றினால் போதும்.

ஆயில் ஒழுகுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பின்பக்கம் இன்றைய வண்டிகளில் இருப்பது போல ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே வெட்டியிருக்கும் திருகு வரிதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. புதிதாக இருந்தபோதே கொஞ்சம் கசிந்த என்ஜின் இது. போர்ட்டிகோவில் நாலு சொட்டு விழுந்ததற்காக என்ஜினை மாற்றுகிறேன் என்பவரோடு எனக்கு வழக்கு உண்டு.

என்ஜின் உண்மையிலேயே தேய்ந்துவிட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: அதையே செய்யுங்கள். முழுக்க வார்ப்பிரும்பு பிளாக். சிலிண்டர் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து ஓவர் சைஸ் பிஸ்டன் போடலாம். அதற்கும் மேல் தேய்ந்திருந்தால் துளைக்குள் லைனர் என்ற புது உறையை இறக்கலாம். கிராங்க்கை கிரைண்டிங் கொடுத்து அண்டர் சைஸ் பேரிங் போடலாம். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. இத்தனை ஆண்டு இத்தனை லட்சம் வண்டி ஓடிய நாட்டில் இதற்கு உதிரி பாகம் தேடுவதும் அவ்வளவு கஷ்டமில்லை. லேத்துக்கும் ஃபவுண்டரிக்கும் கோவையில் பஞ்சமா? வேலையோடு வேலையாக ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டியான சீட் ரிங் போட்டுவிடுங்கள். அந்தக் காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. 2000-வது ஆண்டிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்துப் பிய்த்துவிடும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் டேங்க்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

கியர் பாக்ஸ் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்க மாட்டேன். முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு, இல்லை. வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும், அல்லது டபுள் கிளட்ச் அடிக்க, அதாவது நியூட்ரலில் ஒரு தடவை விட்டு மறுபடி கிளட்சை மிதித்துக் கியர் போட, தெரிய வேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது இரண்டாவது கியர் இழுக்கவில்லை என்றால் சங்கடம்தான். ஆனாலும் “கியர் விழமாட்டேங்குது” என்ற புகாருக்குப் பாதி நேரம் பாக்ஸ் காரணமே இல்லை. ஸ்டியரிங் தண்டிலிருந்து பாக்ஸ் வரை போகும் ராடுகளின் புஷ் எல்லாம் தேய்ந்து ஆடும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் கடைசியில் லீவர் எங்கே போகிறது என்று லீவருக்கே தெரியாது. புஷ்களை மாற்றி, ராடு நீளத்தைச் சரிசெய்த பிறகு ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மூன்றாவது கியர் தானாகக் கழன்று வந்தால், பாக்ஸைத் திறக்கத்தான் வேண்டும். ஐந்து கியர் பாக்ஸ் போட்டால் நெடுஞ்சாலையில் என்ஜின் அலறாமல் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக வண்டியின் நடுவில் தரைத் தகட்டை வெட்டி லீவருக்கு வழி விட வேண்டும், கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரப் பக்கம் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை மாற்ற வேண்டும். வெட்டிய தகட்டை மறுபடி ஒட்டலாம். ஒட்டிய தடம் போகாது.

இனி சட்டம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்றி ஓட்ட முடியாது, மாற்றம் ஆர்.சி.யில் ஏற வேண்டும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்னொன்று, 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இது உண்டு. நம் மாநிலத்தில் டி.என். என்ற எழுத்துகளுக்குப் பிறகு வி.ஏ. என்று வரும் புது வரிசை. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. நிபந்தனை என்ன தெரியுமா? சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் ஆபீசுக்கு ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான். ஆக, உங்களுக்கு வேண்டியது தினசரி ஓட்டும் வண்டியா, ஞாயிற்றுக்கிழமை வண்டியா என்பதை முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

ஒரிஜினல் என்றாலே உசத்தி என்று நான் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. பாடி ரோவர் எஸ்.டி.1, பார்க்க ராஜா மாதிரி. உள்ளே வைத்ததோ நாற்பதுகளில் பிறந்த வேன்கார்டு காரின் என்ஜின் வழி வந்த இரண்டு லிட்டர் என்ஜின். இழுக்கவும் இல்லை, மைலேஜும் இல்லை. சில ஆண்டுகளிலேயே கார் நின்றுபோனது. வாங்கியவர்களில் சிலர் வேறு என்ஜின் ஏற்றினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2035-இல் அந்தக் காருக்கும் 50 வயது ஆகப் போகிறது. அன்றைக்கு விண்டேஜ் பதிவு கேட்டுப் போனால், அந்த இழுக்காத என்ஜினைத்தான் தேட வேண்டியிருக்கும்.

காரைக்குடித் தம்பி கடைசியில் டீசலையே வைத்துக்கொண்டார். தாத்தா முறைப்படி ஆர்.சி.யில் ஏற்றியிருந்தார், தம்பி கூடவே வளர்ந்த சத்தமும் அதுதான். விண்டேஜ் நம்பர் அவருக்கு வேண்டியதில்லை. முன்பக்க டார்ஷன் பாரைச் சரிசெய்து, பிரேக் முழுவதையும் புதுப்பித்துக் கொடுத்தோம். இந்த வண்டிக்கு என்ஜினுக்கு முன்னால் பிரேக்குக்குச் செலவழியுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வேன். பழைய வண்டிகளில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான்.

மாற்றியே தீருவேன் என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஆர்.டி.ஓ. அனுமதியை முதலில் வாங்குங்கள். புது என்ஜினுக்கு மவுண்ட் செய்யும்போது பழைய துளைகளில் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். சேசிஸில் வெல்டிங் வேண்டாம். இறக்கிய என்ஜினை எடைக்குப் போடாதீர்கள். நாலு பிளக் துளையிலும் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, மேனிஃபோல்டு வாய்களைத் துணி வைத்து அடைத்து, கியர் பாக்ஸோடும் ராடுகளோடும் மரச் சட்டத்தில் உட்கார வைத்து, ஈரம் படாத மூலையில் வையுங்கள். கழற்றிய போல்ட்டுகள் ஒரு டப்பாவில். அவ்வப்போது கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். இடம் இல்லை, விற்கத்தான் வேண்டும் என்றால், இன்னொரு அம்பாசிடர்காரருக்கு, நம்பர் எழுதிய ரசீதோடு விற்றுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.