பானுமதியை உயர்த்தியது துணிவே!

நடுவர் ஐயாவுக்கும், மழையைப் பாராமல் வந்திருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம். ‘நடிகை பானுமதியை உயர்த்தியது திறமையா, துணிவா?’ என்பது பட்டிமன்றத் தலைப்பு. எதிரணித் தலைவர் பத்து நிமிடமும் குரலைப் பற்றியே பேசினார். இரவல் குரலுக்கு மற்ற நாயகிகள் வாயசைத்த காலத்தில் பானுமதி தன் பாட்டைத் தானே பாடினாராம். 1956இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்திலிருந்து பாடியும் காட்டினார். பொறுத்துக்கொண்டோம்.

சரி, பானுமதியின் குரல் திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் திறமை இருந்தவர் அவர் ஒருவர்தானா? சாவித்திரி நடிப்பில் மாற்றுக் குறைந்தவரா? இருந்தும் சொத்தையெல்லாம் இழந்து, மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்து 1981இல் போய்ச் சேர்ந்தார். இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கிறது. கரை சேர்க்கத் திறமை மட்டும் போதாது, ஐயா.

பானுமதி என்ன செய்தார்? 1943இல் உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணாவை, வீட்டு எதிர்ப்பை மீறிக் கல்யாணம் செய்துகொண்டார். கதாநாயகி, உதவி இயக்குநரை! இன்றைக்கே ஊர் வாய் சும்மா இருக்குமா? அப்புறம் மகன் பரணியின் பெயரில் படக் கம்பெனி, ஸ்டுடியோ. 1953இல் ‘சண்டிராணி’. ஒரே கதையைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழியிலும் இயக்கி, இரட்டை வேடமும் போட்டார். ‘நடிக்கத் தெரியும்’ என்று மட்டும் நினைத்தவர் கேமராவுக்குப் பின்னால் போய் நிற்பாரா?

‘மிஸ்ஸியம்மா’ கதைக்கு வருகிறேன். முதலில் அந்த வேடம் பானுமதிக்குத்தான். கொஞ்சம் படமும் எடுத்தாகிவிட்டது. நோன்பு நாளில் தாமதமாக வந்தார் என்று தயாரிப்பாளர் மன்னிப்புக் கேட்கச் சொன்னதாகவும், இவர் முடியாது என்று எழுந்து போனதாகவும் சினிமா வட்டாரத்தில் சொல்வார்கள். வேடம் சாவித்திரிக்குப் போனது, 1955இல் படம் ஓகோவென்று ஓடியது. “அது நஷ்டம்தானே?” என்று எதிரணித் தங்கை முணுமுணுப்பது கேட்கிறது. ஆமாம்மா, நஷ்டம்தான். நஷ்டம் வரும் என்று தெரிந்தே எழுந்து போவதைத்தான் நாங்கள் துணிவு என்கிறோம்!

நான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். மாதம் ஒரு ராத்திரி திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். காற்றில் துணி ஆடினால் கதாநாயகி மூக்கும் ஆடும். எங்கள் பாட்டிக்குப் பானுமதி படம் என்றால் பாயோடு முன்வரிசைதான். அலட்சியமாகத் தலையைச் சாய்த்து, பாதிக் கண்ணால் எதிராளியை அளப்பாரே, அந்தப் பார்வைக்காக.

ஒருநாள் ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில், கணக்கு எழுதும் கிராணி எடையைக் குறைத்து எழுதினார். மற்ற நாளாக இருந்தால் பாட்டி பேசாமல் வந்திருப்பாள். அன்றைக்குப் பால் சுமக்கும் காண்டா வாளியை இறக்கி வைத்தாள். இடுப்பில் கை. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. “மறுபடி நிறுங்க” என்றாள், அவ்வளவுதான். வரிசையில் நின்ற சனம் மூச்சு விடவில்லை. கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார், நிறுத்தார். மூன்று பவுண்டு கூட இருந்தது.

எதிரணித் தலைவர் கவனிக்க வேண்டும்: எங்கள் பாட்டிக்குப் பாட்டு வராது. அவள் தாலாட்டுப் பாடினால் தொட்டிலில் இருக்கும் பிள்ளை எழுந்து அழும்.