சங்கு யார் கையில் இருக்கிறது?

ஆசிரிய நண்பர்களே,

நாவல் பாடம் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கெட்டுப்போகிறது. ‘சங்கு என்றால் ஜனநாயகம், மூக்குக்கண்ணாடி என்றால் அறிவு’ என்று மாணவர் எழுதிவிடுகிறார். பெரியவர்கள் இல்லாத தீவில் சிக்கிய சிறுவர்களைப் பற்றி வில்லியம் கோல்டிங் 1954-இல் வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலுக்கான நோட்ஸ் எதைப் புரட்டினாலும் இந்த வரி இருக்கும். வரி தப்பில்லை. ஆனால் விடை கையில் கிடைத்தவர் நாவலை எதற்காகப் படிக்க வேண்டும்?

ஆகவே அர்த்தத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நாவலில் 12 அத்தியாயங்கள். ஒரு மாணவருக்கு ஒரே ஒரு பொருளைக் கொடுங்கள்: சங்கு, கண்ணாடி அல்லது நெருப்பு. நோட்டில் நான்கு கட்டங்கள் போதும்: பக்க எண், அது யார் கையில் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து என்ன நடந்தது. ‘எதைக் குறிக்கிறது’ என்று ஐந்தாவது கட்டம் போட்டால் மாணவர் அதைத்தான் முதலில் நிரப்புவார்.

சங்கைத் தொடர்ந்த மாணவருக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள். முதல் அத்தியாயத்தில், தலைவனாகப்போகும் ரால்ஃப் ஊதுகிறான், சிறுவர்கள் கூடுகிறார்கள். சங்கைப் பிடித்திருப்பவனே பேசலாம் என்று விதி வந்த இரண்டாவதிலேயே, மலை உச்சியில் சங்கு செல்லாது என்கிறான் ரால்ஃபின் போட்டியாளன் ஜாக். ஐந்தாவதன் முடிவில் கூட்டம் கலைந்தபின் ரால்ஃப் ஊதத் தயங்குகிறான். ஊதியும் யாரும் வராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அவனுக்குத் தெரிகிறது. பத்தாவதில் இரவில் திருட வந்த ஜாக் கூட்டத்தார் சங்கைத் தொடவே இல்லை, ரால்ஃபின் தோழன் பிக்கியின் கண்ணாடியை நெருப்பு மூட்ட எடுத்துப் போகிறார்கள். பதினொன்றில் பிக்கி சாகும்போதுதான் சங்கு நொறுங்குகிறது. அப்படியானால் அதன் மதிப்பு எங்கே போனது? உடைந்த இடத்திலா, திருடர்கள் அதை விட்டுச்சென்ற இடத்திலா, ரால்ஃப் தயங்கிய இடத்திலா? இங்கே மாணவர்கள் சண்டை போட வேண்டும். என் தீர்ப்பு ஐந்தாம் அத்தியாயம்தான்.

இந்தச் சண்டையிலிருந்தே மையக்கருத்து வரும். ‘வன்முறை’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள். அது வெறும் தலைப்பு. ஒருவர் மறுக்கக்கூடிய முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்: ‘எல்லாரும் ஒப்புக்கொள்ளும்வரைதான் விதிக்கு உயிர்.’ அதற்குக் கீழே மூன்று பக்க எண்கள் வேண்டும். அவற்றில் ஒன்றேனும் அந்த வாக்கியத்துக்கு எதிரானதாக இருக்கட்டும்.

நம் பிள்ளைகளிடம் தனியாக ஒரு வழுக்கல் உண்டு. சங்கு என்றதும் கோயிலும் சாவு வீடும் நினைவுக்கு வரும். ‘கடைசியில் சங்கு ஊதிவிட்டார்கள்’ என்று ஒருவர் எழுதுவார். அடித்துவிடாதீர்கள். அந்த அர்த்தத்தை நாவலின் எந்த வரி தாங்குகிறது என்று கேளுங்கள். வரி கிடைக்காவிட்டால் அது வாசகரின் நினைவு, தனியாகக் குறித்துக்கொள்ளலாம். உள்ளுறையை, அதாவது பாட்டில் வெளியே சொல்லாமல் உள்ளே வைக்கும் பொருளை, வகுத்த நம் மரபும் கருப்பொருளை, அதாவது நிலத்தின் விலங்கையும் பறவையையும் மரத்தையும், பாட்டுக்குள் வைத்துத்தான் பொருள் காண்கிறது.

கண்ணாடியைத் தொடர்ந்த மாணவர்களில் இயற்பியல் தெரிந்தவர் ஒருவர் கேட்பார்: பிக்கிக்குக் கிட்டப்பார்வை, அவன் அணிவது குழிலென்ஸ், குழிலென்ஸ் வெயிலைக் குவிக்காதே, அவன் கண்ணாடியால் நெருப்பு எப்படிப் பற்றியது? கேள்வி முற்றிலும் சரி. கோல்டிங் செய்த பிழை அது. மழுப்பாமல் ஒப்புக்கொண்டு, அந்த மாணவரின் நோட்டில் அதையும் பக்க எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.