விதி எழுதிக் கொடுத்தும் ஏஐ கேட்கவில்லை, என்ன செய்வது?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, வெப்சைட் கோட் எழுத ஏஐ பாவிக்கிறேன். ஒரு பைலில் மூன்று பக்கத்துக்கு விதி எழுதிக் கொடுத்தும் அது தன் பாட்டுக்குத்தான் எழுதுது. அந்தப் பைலில் என்ன எழுத வேண்டும்? தமிழில் எழுதினால் விளங்குமா?"

பைலையும் அனுப்பியிருந்தார், பார்த்தேன். பாதிக்கு மேல் "சுத்தமான கோட் எழுது", "பாதுகாப்பாக எழுது" என்ற வகைதான். வீடு கட்ட வந்த மேசனிடம் "நல்லாக் கட்டுங்க" என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான். "மார்கழியில் இந்தப் பக்கம் வெள்ளம் நிற்கும், அத்திவாரத்தை இரண்டு அடி உயர்த்துங்க" என்றால்தான் வேலை மாறும். கோட்டைப் பார்த்து ஏஐயால் கண்டுபிடிக்க முடியாததை மட்டும் எழுதுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். பாசிக்குடாவில் ஒரு தங்குமிடத்துக்குப் புக்கிங் பக்கம் செய்தபோது, பெயர்ப் பெட்டிக்கு ஆங்கில ஏ முதல் இசட் வரை மட்டும் ஏற்கிற ரெகெக்ஸை (எழுத்துகளைச் சரிபார்க்கிற வடிவ விதியை) ஏஐ எழுதி வைத்தது. "தமிழ்ப் பெயரையும் ஏற்க வேண்டும்" என்று விதியில் போட்டேன். உடனே, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடின் 'எழுத்து' வகைக்கு மாற்றியது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ரவி என்று அடித்தால் பிழை, குமார் என்று அடித்தாலும் பிழை! தமிழில் விசிறி (ி), கொம்பு (ெ), அரவு (ா), மேலே வைக்கிற புள்ளி எல்லாம் யூனிகோடில் 'எழுத்து' இல்லை, 'குறி' என்ற வேறு வகை. விசிறியும் புள்ளியும் இல்லாத பெயர் நம் ஊரில் யாருக்கு இருக்கிறது? இப்போது என் பைலில் உள்ள வரி இது: "பெயரில் எழுத்து வகை, குறி வகை இரண்டையும் ஏற்றுக்கொள், ரவி, குமார் இரண்டையும் டெஸ்டில் வை." அதற்குப் பிறகு அந்தப் பிழை வரவில்லை.

இதே மாதிரித்தான் அடையாள அட்டை. பழையதில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸும், புதியதில் 12 இலக்கம். இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது என்பதை நாம் சொல்லாவிட்டால் அது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். தொலைபேசி என்றால் 0 போட்டு 9 இலக்கம், அல்லது 94 போட்டு 9 இலக்கம்.

அடுத்தது வெர்ஷன். வெப்சைட் கட்டுகிற கருவியான நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில், பக்கங்களை அமைக்கிற புது முறையான ஆப் ரூட்டர் 2022 இல்தான் வந்தது, அதற்கு முந்திய பேஜஸ் ரூட்டர் கோட் இணையத்தில் மலைபோல் கிடக்கிறது. ஏஐ அதையும் படித்துத்தான் வந்திருக்கிறது, அதனால் இரண்டையும் குழைத்துவிடும். "இது நெக்ஸ்ட் 15, ஆப் ரூட்டர் மட்டும்" என்று ஒரு வரி போதும். "இதைச் செய்யாதே" என்று மட்டும் எழுதாமல் எதைச் செய்ய வேண்டும் என்றும் சொல்லுங்கள். "நிறத்தை நேரடியாக எழுதாதே" என்பதோடு "தீம் பைலிலிருந்து எடு" என்று சேர்த்தால் அதற்குப் போக ஒரு வழி இருக்கும்.

இடைவெளி, செமிகோலன் பற்றி உங்கள் பைலில் பன்னிரண்டு வரி இருக்கிறது தம்பி. எல்லாவற்றையும் வெட்டுங்கள். அது கோட்டைத் தானாகச் சீர்படுத்துகிற பிரிட்டியரும், பிழை பார்க்கிற ஈஎஸ்லின்ட்டும் செய்கிற வேலை. விதிப் பைலுக்கு ஏஜென்ட்ஸ் டாட் எம்டி என்று பெயர் வைத்தாலும் கிளாட் டாட் எம்டி என்று வைத்தாலும், அந்தப் பைல் ஒவ்வொரு முறையும் உரையாடலோடு சேர்ந்து போகிறது. நீளம் கூடக்கூட முக்கியமான வரி நடுவில் அமுங்கிப்போகும். லின்ட்டையும் டெஸ்டையும் ஓட்டுகிற கட்டளையை மட்டும் எழுதி, "முடித்ததும் ஓட்டிப் பார்" என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, "டேட்டாபேஸை அழிக்காதே" என்று விதியில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டாம். அது வேண்டுகோள், பூட்டு இல்லை. உண்மையான டேட்டாபேஸின் பாஸ்வேர்டை அதன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவே கூடாது.

தமிழில் எழுதலாமா என்றால், எழுதலாம், விளங்கும். ஆனால் அதே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிட டோக்கன் (ஏஐ உரையைப் பிரித்து எண்ணுகிற துண்டு) கூடப் போகும். நான் விதியை ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதி, வெப்சைட்டில் வர வேண்டிய தமிழ் வாசகங்களை மட்டும் தமிழிலேயே கொடுக்கிறேன். இல்லாவிட்டால் "சமர்ப்பிக்கவும்" என்று பட்டன் பட்டனாக வைத்துவிடும். எனக்கு "அனுப்பு" போதும்.