வரவறிந்து வாழும் உயிர்

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘வாழத் தெரிந்த விலங்கு எது: பனிக்கரடியா, ஸ்லாத்தா?’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், 500 கிலோவுக்கும் மேல் எடை கொண்டு உறைபனிக் கடலில் பல நாள் நீந்தும் ஆண் பனிக்கரடியின் ஆற்றலை விரிவாக எடுத்துரைத்தார். அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மரக்கிளைகளில் தொங்கி மெதுவாக நகரும் ஸ்லாத்தை ‘இயற்கையின் பிழை’ என்று அவர் சொன்னதை என்னால் ஏற்க இயலாது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோனும் இப்படித்தான், இன்னும் ஒரு குறை சேர்ந்திருந்தால் இவ்விலங்கு பிழைத்தே இருக்காது என்று எழுதினார். அவர் அமெரிக்கக் காடுகளுக்குச் சென்றவர் அல்லர்.

நம் ஊர்த் தேவாங்கை நினைத்துக்கொண்டு யாரும் இதைக் கேட்க வேண்டாம். தேவாங்கு குரங்குகளுக்கு உறவு. ஸ்லாத்தோ மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளில் வாழும் வேறொரு குலம். அதன் உணவு பெரும்பாலும் இலை. இலையில் சத்து குறைவு, நஞ்சும் உண்டு. உண்ட இலை முழுவதும் செரிக்க ஒரு மாதம் வரை ஆகும். இவ்வளவு சொற்ப வரவில் குடும்பம் நடத்த வேண்டிய உயிர் என்ன செய்யும்? செலவைக் குறைத்தது. தசையைக் குறைத்தது, மற்றப் பாலூட்டிகள் ஒரே அளவில் காக்கும் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்தோடு ஏறி இறங்க விட்டது, கொக்கி போன்ற நகங்களால் அதிக உழைப்பின்றித் தொங்கக் கற்றது. மூவிரல் ஸ்லாத்துக்குக் கழுத்தெலும்புகள் எட்டு அல்லது ஒன்பது இருப்பதால், உடலைத் திருப்பாமலே தலையை மட்டும் திருப்பிச் சுற்றிலும் பார்க்க முடிகிறது. உரோமத்தில் வளரும் பாசி அதற்குப் பச்சை நிறம் பூசி, ஹார்ப்பி கழுகின் கண்ணிலிருந்து மறைக்கிறது. மெதுவாக நகர்வதும் அந்த மறைவின் ஒரு பகுதிதான். இதைச் சோம்பல் என்று பெயரிட்டவர்கள் மனிதர்கள்.

இனி பனிக்கரடிக்கு வருகிறேன். அதன் சிறந்த வேட்டை முறை எது? கடற்பனியில் சீல் என்னும் கடல் பாலூட்டி மூச்சுவிட வரும் துளையருகே, கொக்கைப் போல மணிக்கணக்கில் அசையாமல் காத்திருப்பது. ஓடித் துரத்தினால் அந்தப் பெரிய உடல் சூடேறித் தளர்ந்துவிடும். ஆக, எதிரணியின் நாயகனும் பசி தீர்க்க அசையாமையிடமே பாடம் கேட்கிறது. இருந்தும் செலவு அடங்குவதில்லை. ஆர்க்டிக் பகுதியிலுள்ள போஃபோர்ட் கடலில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கண்காணிக்கப்பட்ட 9 பெண் கரடிகளுள் 5 கரடிகள் சில நாட்களிலேயே எடை இழந்தன. அவற்றின் ஆற்றல் செலவு, முன்பு கருதப்பட்டதைவிட 1.6 மடங்கு அதிகம் என்றும் தெரிந்தது. கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016இல் 842 என மதிப்பிடப்பட்ட கரடிகள் 2021இல் 618 ஆகக் குறைந்தன. கடற்பனி உருகுவதற்குக் கரடி பொறுப்பல்ல. அந்தக் குற்றம் நம்முடையது, அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. ஆயினும் கொழுப்பு மிகுந்த ஒரே வகை இரையையும் ஒரே வகைத் தளத்தையும் நம்பி நிற்கும் வாழ்வு எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

‘காடு போனால் ஸ்லாத்தும் போகுமே’ என்று எதிரணி கேட்கலாம். உண்மைதான், பனாமாவின் எஸ்குடோ தெ வெராகுவாஸ் தீவில் மட்டுமே வாழும் குள்ள ஸ்லாத் அழிவின் விளிம்பில் நிற்கிறது. ஆனால் காட்டை விட்டுவைத்த இடத்தைப் பாருங்கள். அதே பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1970களில் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, மரங்களில் வாழும் பாலூட்டிகளின் மொத்த எடையில் பெரும்பங்கு, பாய்ந்து திரியும் குரங்குகளுடையதாக இல்லை, ஸ்லாத்துகளுடையதாக இருந்தது. ‘இயற்கையின் பிழை’ என்ற சொல்லை இந்தக் கணக்கோடு வைத்து எடைபோட்டுத் தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.