முடி விளம்புகிறவரும் ஒன்பதாம் எண்காரரும்

நேயர்களுக்கு வணக்கம்.

கபடியைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் நிலையத்திலிருந்து முதலில் கேட்டார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவன் நான். கபடி என்றால் மூச்சுவிடாமல் பேசுவேன். ஆனால் கபடிக்குப் பேச நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், ரக்பிக்கு ஆளில்லை. ஆகவே ஒரு பேரம் பேசினேன். கபடிக்கு அடுத்த மாதம் வருகிறேன், இன்றைக்கு ரக்பி அணியில் ஒரே ஓர் ஆளைப் பற்றி மட்டும் பேச விடுங்கள் என்றேன். அந்த ஆளுக்கு ஸ்க்ரம் ஹாஃப் என்று பெயர். சட்டை முதுகில் 9 என்று போட்டிருக்கும். ஒரு நாட்டு அணிக்கு அந்த ஒன்பதாம் எண்காரரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குப் பல வருடப் பிடிவாதம் ஒன்று உண்டு. என் வீட்டில் எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். இனி உங்கள் பாடு.

காரைக்கால்காரனுக்கு ரக்பி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பிரான்சில் சொந்தம் இல்லாத தெரு நம் ஊரில் குறைவு. என் தாய்மாமா பிரெஞ்சு ராணுவத்தில் பென்ஷன் வாங்கியவர், நம் வழக்கில் சொல்தா. ஒரு விடுமுறைக்கு வந்தபோது 1995 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை வீடியோ கேசட்டில் பதிவு செய்து கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரர்களின் டிவிக்கு வண்ண முறை வேறு, நம்முடையது வேறு. அந்தக் கேசட்டை இங்கே போட்டால் படம் வரும், வண்ணம் வராது. தென்னாப்பிரிக்காவின் பச்சைச் சட்டையும் நியூசிலாந்தின் கறுப்புச் சட்டையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே கருமையாகத் தெரிந்தன. யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்றே விளங்கவில்லை. மாமாதான் சொன்னார்: "மாப்பிள்ளை, கூட்டத்தைப் பார்க்காதே. குவியலுக்குப் பின்னால் குனிந்து பந்தை எடுக்கிறான் பார், அவனை மட்டும் பார்."

அன்றைக்குப் பார்க்க ஆரம்பித்தவன், இன்னும் அவனை மட்டும்தான் பார்க்கிறேன்.

ரக்பிக்கும் நம் நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் கோப்பைக்குக் கல்கத்தா கோப்பை என்று பெயர். கல்கத்தாவில் இருந்த ஒரு சங்கம் 1878-இல் கலைந்தபோது, வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது அது. கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடியில் யானை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

படம் போட்டுக் காட்ட வழியில்லை, ஆகவே ஆட்டத்தில் உங்களுக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்து முட்டை வடிவம். கையால் எறிந்தால் பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறியலாம், முன்னால் எறியக் கூடாது. சில தவறுகளுக்குப் பிறகு இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பூட்டிக்கொண்டு எதிரும் புதிருமாகத் தள்ளுவார்கள். அதுதான் ஸ்க்ரம். தேர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டால் நாம் தோள் கொடுப்போமே, அதை இரண்டு பக்கமிருந்தும் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் எண்காரர் அந்தச் சந்துக்குள் பந்தை உருட்டிவிட்டு, தன் எட்டுப் பேருக்குப் பின்னால் ஓடுவார். அவர்கள் காலாலேயே பந்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். இவர் குனிந்து எடுத்துப் பத்தாம் எண்காரருக்கு எறிவார். ஆட்டத்தின் நடுவில் யாராவது விழுந்து, மேலே ஆட்கள் குவிந்தாலும் இதே வேலைதான். எண்பது நிமிடமும் இதே வேலை. பந்து இவர் கையில் படுகிற அளவுக்கு வேறு யார் கையிலும் படுவதில்லை.

இந்த வேலையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று மூன்று நாள் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் பிடிபட்டது. எங்கள் வயலில்.

திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், அரசலாற்றுப் பாசனம். நடவு நாளில் இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து வருவார்கள். அவர்களுக்கு நாற்று முடி விளம்ப ஒரு பெரியவர் வருவார். விளம்புவது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது: நாற்றங்காலில் பறித்து, வேரில் மண் அலசி, கட்டாகக் கட்டிய முடிகளை, நடுகிறவர்களுக்கு எட்டும்படி வயலுக்குள் வீசிப் போடுவது. அவரை முடிக்காரர் என்றே கூப்பிடுவோம்.

மேலுக்குப் பார்த்தால் சாதாரண வேலை. ஆனால் முடி காலருகே விழுந்தால் நடுகிற அம்மாள் பின்னால் நகரும்போது மிதித்துவிடுவார். தள்ளி விழுந்தால் நிமிர்ந்து நடந்து போய் எடுக்க வேண்டும். ஒருவர் நிமிர்ந்தால் போதும், வரிசை கெட்டுவிடும். உயர எறிந்தால் சேறு தெறித்து எல்லோர் முதுகிலும் படும். அப்புறம் வசவு. எங்கள் முடிக்காரர் தன் கையில் இருக்கும் முடியைப் பார்த்து நான் கண்டதில்லை. அவர் கண் எப்போதும் நடுகிறவர்களின் இடது கையில் இருக்கும். யார் கையில் எவ்வளவு நாற்று மிச்சம், யார் வேகக்காரி, யாருக்கு இடுப்பு வலி என்று அவருக்குத் தெரியும். கை காலியாகிற நேரத்தில், அந்த அம்மாள் கையைப் பின்னால் நீட்டினால், முடி அங்கே கிடக்கும்.

ஒரு வருடம் அவருக்குக் காய்ச்சல். அப்பா ஒரு வாலிபனை இறக்கினார். நல்ல தோள்வலிமை. வரப்பில் நின்றபடியே நடுவயலுக்கு எறிவான். எறிகிற அழகைப் பார்க்க நாங்கள் சிறுவர்கள் வரப்பில் கூடிவிட்டோம். வெயில் ஏறுவதற்குள் வரிசை பாம்பாக வளைந்துவிட்டது. முதல் பத்தியில் நின்ற அம்மாள் நிமிர்ந்து, முதுகுச் சேற்றை வழித்து உதறிவிட்டுச் சொன்னார்: "தம்பி, எனக்கு நாற்று வேண்டும். உன் வீரத்தை நீயே வைத்துக்கொள்."

என் பிடிவாதம் மொத்தமும் இந்த வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. ஆனால் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே தொடர்கிறேன்.

உலகத்தில் பல தேர்வாளர்கள் அந்த வாலிபனைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். குவியலுக்குப் பக்கத்தில் நழுவி ஓடி நாலு பேரை ஏமாற்றிய ஒரு நிமிடப் படத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். நான் பார்ப்பது வேறு. டிவியில் ஒன்பதாம் எண்காரரை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, பத்தாம் எண்காரரை மட்டும் பார்ப்பேன். அவர் ஓடுகிற வேகம் குறையாமல் நெஞ்சுக்கு முன்னால் பந்தை வாங்குகிறாரா? நின்று வாங்குகிறாரா? திரும்பி, எட்டி, குனிந்து வாங்குகிறாரா? பத்தாம் எண்காரரைப் பார்த்தால் ஒன்பதின் தரம் தெரிந்துவிடும். டிவிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறீர்களே, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அதனால்தான் சொல்கிறேன், ஒன்பதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. பத்தோடு சேர்த்துத்தான் முடியும். தவில்காரரை ஏற்பாடு செய்கிறவர் நாகசுரம் யார் என்று கேட்காமல் இருப்பாரா? வேல்ஸ் நாட்டில் கேரத் எட்வர்ட்ஸ் என்று ஒருவர். 1967 முதல் 1978 வரை, இடையில் ஒன்றுகூட விடாமல் 53 ஆட்டங்கள் தன் நாட்டுக்கு ஆடியவர். அவருக்குப் பத்தாம் எண்ணாக வந்தவர் பேரி ஜான். இருவரும் முதன்முதலில் சேர்ந்து பயிற்சி செய்த நாளில், எங்கே எறியட்டும், எப்படி எறியட்டும் என்று எட்வர்ட்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பேரி ஜான் சொன்ன பதில் அந்த நாட்டில் இன்றும் பிரபலம்: நீ எறி, நான் பிடித்துக்கொள்கிறேன். எட்வர்ட்ஸின் எறி நீளமானது. நீளமாக எறிந்தால் வாங்குகிறவர் எதிரிகளிடமிருந்து தள்ளி நிற்கலாம், யோசிக்க ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும். பேரி ஜானுக்கு நியூசிலாந்துப் பத்திரிகைக்காரர்கள் அரசர் என்று பட்டம் கொடுத்தார்கள். அந்த அரசருக்கு நேரத்தை அளந்து கொடுத்தவர் ஒன்பதாம் எண்காரர்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனமில்லை. 2003 நவம்பர் 22, சிட்னி, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 17–17. கூடுதல் நேரமும் முடியப் போகிறது. இங்கிலாந்தின் ஒன்பது மேட் டாசன். அவர் குவியலுக்குள் ஓர் இடைவெளியைக் கண்டு, பந்தோடு தானே பாய்ந்து நல்ல தூரம் முன்னேறிவிட்டார். அருமையான ஓட்டம். ஆனால் பிடிபட்டு, ஆட்களுக்கு அடியில் கிடக்கிறார். கோல் உதைக்க வேண்டிய ஜானி வில்கின்சன் பின்னால் தயாராக நிற்கிறார், அவருக்கு முடி வீச ஆளில்லை! ஸ்க்ரமில் தள்ளும் எட்டுப் பேரில் ஒருவரான நீல் பேக் ஒன்பதின் இடத்தில் நின்று பந்தை எடுக்கிறார். வில்கின்சனுக்கு எறியவில்லை. பக்கத்தில் இருந்த கேப்டன் மார்ட்டின் ஜான்சனிடம் கொடுத்தார். ஜான்சன் எதிரிக் கூட்டத்தில் முட்டிக்கொண்டு போய் விழுந்தார். அந்தச் சில நொடிகளில் டாசன் எழுந்து தன் இடத்துக்கு வந்துவிட்டார். எடுத்தார், எறிந்தார். வில்கின்சன் தன் வலுவில்லாத வலது காலால் உதைத்தார். 20–17. கடிகாரத்தில் மிச்சம் 26 நொடி.

உலகக் கோப்பையையே பணயம் வைத்து அவர்கள் காத்திருந்தது எதற்கு? ஓர் எறிக்கு. அந்த எறியை யார் எறிய வேண்டும் என்பதற்கு. இதை நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன், அலுக்கவில்லை.

உயரம் வேண்டுமா, எடை வேண்டுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். வேண்டாம். வேல்ஸின் மைக் பிலிப்ஸ் 191 சென்டிமீட்டர், தென்னாப்பிரிக்காவின் ஃபாஃப் டி கிளர்க் 172. நியூசிலாந்துக்கு 125 ஆட்டங்கள் ஆடிய ஆரன் ஸ்மித்தும் குள்ளம்தான். அவர் சிகை அலங்காரத் தொழில் கற்றவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவரும் ஒரு வகையில் முடிக்காரர்தானே! தரையில் கிடக்கும் பந்தைத் தூக்கி, கையைப் பின்னுக்கு ஓங்கி, பிறகு எறிகிறவர்கள் உண்டு. ஸ்மித் ஓங்குவதே இல்லை. தரையிலிருந்து ஒரே வீச்சு.

ஆனால் ஆளை மறித்துப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மாமாவின் கேசட்டில் ஜோனா லோமு என்ற மாமலை ஓடிவரும், தென்னாப்பிரிக்காவின் ஒன்பது யூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹைசன் அவரைப் பிடித்துச் சாய்ப்பார். 1994-இல் ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் கிரேகன், கோட்டைத் தொடப் பாய்ந்த நியூசிலாந்துக்காரரின் கையிலிருந்து பந்தையே தட்டிவிட்டார். ஆட்டம் 20–16 என்று ஆஸ்திரேலியாவுக்குப் போனது. கபடிப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காலால் உயர உதைத்து, பந்து இறங்குகிற இடத்துக்குத் தன் ஆட்கள் போய்ச் சேரும்படி செய்வதும் ஒன்பதின் வேலை. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், தாண்டிப் போகிறேன்.

ஏனென்றால் இங்கே ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டும். மாமாவின் மகள் துலூஸ் நகரத்தில் இருக்கிறாள். அந்த ஊர்ச் சங்கத்தில்தான் பிரான்சின் ஒன்பது அந்துவான் துப்போன் ஆடுகிறார். 2021-இல் உலகின் சிறந்த வீரர். 2023 உலகக் கோப்பையில் நமீபியாவுடன் ஆடும்போது கன்ன எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மூன்றரை வாரத்தில் திரும்பி வந்து ஆடியவர். அவர் திரும்பி வந்து ஆடிய அந்தக் காலிறுதியில் பிரான்ஸ் 28–29 என்று ஒரே புள்ளியில் தோற்றது. மாமன் மகள் போனில் அழுதாள். ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், எழுவர் ஆட்டத்தில், அவர் தங்கம் வாங்கியதும் மறுபடி போன் வந்தது. "அத்தான், உங்கள் முடிக்காரர் கதை துப்போனிடம் எடுபடாது. அவர் எறிகிறார், ஓடுகிறார், இரண்டு காலாலும் உதைக்கிறார். உங்கள் வயல் வாலிபன் தோற்றான், இவர் ஜெயிக்கிறார்" என்றாள்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். துப்போன் எப்போது பாய்வாரோ என்று எதிரிகள் இரண்டு பேர் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் பத்தாம் எண்காரருக்கு இடம் கிடைக்கிறது. அதுவும் ஒரு வகை விளம்பல்தான் என்றேன். "அத்தான், தோற்றால் தோற்றேன் என்று சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். மாற்று ஒன்பது யார் என்பதுதான் நான் உண்மையில் பேச வந்தது. விரைவாகச் சொல்கிறேன். 2023-இல் தென்னாப்பிரிக்கா 33 பேர் கொண்ட அணியில் நான்கு ஒன்பதுகளைச் சேர்த்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். அதே அணி இறுதி ஆட்டத்தில் மாற்று ஆட்களாக ஸ்க்ரமில் தள்ளுகிறவர்கள் ஏழு பேரையும், ஸ்க்ரமுக்கு வெளியே ஆடுகிற ஒரே ஒருவரையும் உட்காரவைத்தது. அந்த ஒருவரும் ஒன்பது இல்லை. டி கிளர்க்குக்கு ஒன்று ஆகியிருந்தால் என்ன செய்திருப்பார்களோ! 12–11 என்று நியூசிலாந்தை வென்றார்கள். அது துணிச்சலா, கணக்கா என்று…

இப்போது ஒரு விரல். நம் கபடிப் பிள்ளைகளில் யாரை ஒன்பதாக்கலாம் என்பதை, கபடி பேச வரும்போது இடையில் செருகிவிடுகிறேன், நிலையத்தார் மன்னிக்க வேண்டும். இந்தக் குறுவைக்கு எங்கள் பக்கம் பாதி வயலில் இயந்திர நடவு. கையால் முடி விளம்புகிற வயல் உங்கள் ஊரில் இருந்தால் நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

வணக்கம்.