நுரையீரல் வைரஸை ஆர்என்ஏ மருந்தால் அடக்க முடியுமா?

[திரையில்: மூச்சுக்குழாயின் உட்சுவர், அதில் ஒட்டும் ஆர்எஸ்வி வைரஸ்]

கைக்குழந்தைகளை மூச்சிரைப்போடு ஆஸ்பத்திரிக்கு வரவைக்கும் வைரஸ்களில் முதன்மையானது ஆர்எஸ்வி. செல்லுக்குள் நுழைந்ததும் தன் புரதங்களைச் செய்ய, செய்முறைக் குறிப்பான எம்ஆர்என்ஏவை எழுதும். அதை வெட்டிவிட்டால் புரதமும் இல்லை, புது வைரஸும் இல்லை.

வெட்டும் கத்தி நம் செல்லிலேயே இருக்கிறது: ஆர்கோனாட் 2 என்ற புரதம். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டுவது எஸ்ஐஆர்என்ஏ, சுமார் 21 நியூக்ளியோடைடு நீளமுள்ள இரட்டை இழை. ஓர் இழை கழன்றுவிடும். மற்றது வைரஸின் எம்ஆர்என்ஏவோடு பொருந்த, அந்த இழையின் 10ஆவது, 11ஆவது இடங்களுக்கு எதிரே எம்ஆர்என்ஏவில் வெட்டு விழும். அந்த இடத்தில் வைரஸ் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டாலே வெட்டு தவறலாம். அதனால் எளிதில் மாறாத ஜீனைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

[திரையில்: நெபுலைசர், மூக்கு ஸ்பிரே]

அல்நைலம் நிறுவனத்தின் எஸ்ஐஆர்என்ஏ மருந்தான ஏஎல்என்-ஆர்எஸ்வி01 குறிவைத்தது வைரஸின் ‘என்’ (N) என்ற ஜீனை. 2010இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான 88 பேரின் மூக்கில் வைரஸை வேண்டுமென்றே விட்டார்கள். தொற்று பிடித்தது, போலி மருந்து (ஒப்பீட்டுக்கான, மருந்தில்லாத ஸ்பிரே) பெற்றவர்களில் 71.4 சதவீதத்துக்கு, மருந்து பெற்றவர்களில் 44.2 சதவீதத்துக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்பிரே தொடங்கியது வைரஸை விடுவதற்கு 2 நாள் முன்பே. நிஜ நோயாளி இருமல் வந்த பிறகுதானே வருவார்!

அடுத்த சோதனை, நுரையீரல் மாற்று அறுவை செய்து ஆர்எஸ்வி தொற்றிய 87 பேரிடம், நெபுலைசர் வழியாக. 180ஆவது நாளில் மூச்சுக்குழாய் அடைப்பு நோய் புதிதாக வந்தவர்கள் அல்லது முற்றியவர்கள் மருந்து பெற்ற குழுவில் 13.6 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 30.3. புள்ளியியல் வரம்பை மயிரிழையில் தவறவிட்டது. அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் கொடுத்தவர்களிடம் பலன் கூடுதல். வைரஸ் அளவோ குறிப்பிடும்படி குறையவே இல்லை. வைரஸை வெட்டுவதற்கென்றே செய்த மருந்துக்கு இது சங்கடமான முடிவு.

சிக்கல் வடிவமைப்பில் இல்லை, கொண்டுசேர்ப்பதில். உறையில்லாத ஆர்என்ஏவைச் சளியிலுள்ள நொதிகள் சிதைக்கும். செல்லுக்குள் போனதும், அதை உள்ளிழுத்த எண்டோசோம் என்ற சிறு பையிலேயே சிக்கிக்கொள்ளும். கொழுப்பு நானோதுகளில் பொதிந்தால், நெபுலைசரின் விசையில் துகள் உடைகிறது. சிற்றறைகள் வரை போக வேண்டுமானால் நீர்த்துளி 1 முதல் 5 மைக்ரான்.

இன்னொரு பொறி: இன்டர்பெரான். ஆர்என்ஏவைக் கண்டதும் உடல் அதைச் சுரக்கும். அதுவே வைரஸை அடக்கிவிடும். எலிகளில் ப்ளூவுக்கு எதிராகக் கிடைத்த சில பலன்கள் ஜீன் அடங்கியதால் வந்தவையல்ல என்று 2008இல் காட்டப்பட்டது. ஒப்பீட்டுக்கு எடுத்த ஆர்என்ஏ இன்டர்பெரானை அதே அளவு தூண்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஆர்என்ஏவில் 2'-ஓ-மெத்தில் என்ற சிறு வேதி மாற்றம் செய்தால் இந்தத் தூண்டுதல் அடங்கும்.

[திரையில்: உறைநிலையிலிருந்து எடுக்கப்படும் செல் பை]

நுரையீரல் தொற்றுக்கு முயலப்படும் இன்னொரு வழியான ஸ்டெம் செல் வேறு கதை. இதில் பயன்படும் மீசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்கள் வைரஸைக் கொல்வதற்காக அல்ல, கட்டுமீறிய அழற்சியைத் தணிப்பதற்காக. ரத்தக்குழாயில் (சிரையில்) ஏற்றினால் பெரும்பாலானவை நுரையீரல் நுண்குழாய்களிலேயே தங்கிவிடும்; இங்கே அது வசதிதான். கொரோனாவில் இவ்வகைச் செல் மருந்தான ரெமஸ்டெம்செல்லைக் கொடுத்தார்கள், உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் செல் வீதம் இருமுறை. 300 பேர் திட்டமிட்ட சோதனையில் இறப்பு குறையும் அறிகுறி தெரியாததால் 2020 டிசம்பரில் ஆள்சேர்ப்பை நிறுத்தினார்கள்.

அதற்கு முன், நுரையீரல் திடீரெனக் கடுமையாகச் செயலிழந்தவர்களிடம் (ஏஆர்டிஎஸ்) இதே வகைச் செல்களோடு நடந்த ஸ்டார்ட் என்ற சோதனையில் கிலோவுக்கு 1 கோடி செல். உருக்கிய பின் உயிரோடிருந்தவை 36 முதல் 85 சதவீதம் வரை. எனவே பையில் எத்தனை செல் என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஏற்றும் வேளையில் எத்தனை உயிரோடிருந்தன என்று கேளுங்கள்.