மருந்துக் கேள்வி வேறு, போதைக் கேள்வி வேறு

வணக்கம் நேயர்களே.

கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா என்று இரண்டு பேர் வாதாடினால் பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஒருவர், எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பால் துடிக்கும் குழந்தையைச் சொல்வார். மற்றவர், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பையனைச் சொல்வார். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தைக்கு வேண்டியது ஒரு மருந்து. அந்தப் பையனிடம் போய்ச் சேர்ந்தது ஒரு வியாபாரச் சரக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி ‘வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்டதால்தான் பல நாடுகளில் இரண்டுக்குமே சரியான விடை கிடைக்காமல் போனது. மருந்தியல் கற்பிப்பவன் என்ற முறையில் இன்று இதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் மருந்து. கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டு என்ற வகை வேதிப்பொருட்கள் 100-க்கும் மேல் இருக்கின்றன. இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று டி.எச்.சி. போதையைத் தருவது இதுதான். இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் 1964-ல் இதைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். இன்னொன்று சி.பி.டி. இது போதை தராது.

டி.எச்.சி. போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள், மூளையில் நினைவு, அசைவு, பசி, பயம் இவற்றையெல்லாம் கவனிக்கும் பகுதிகளில் நிறைய இருக்கின்றன. மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் மிகக் குறைவு. ஹெராயின் அளவு மீறினால் மூச்சு நின்று உயிர் போவதுபோல் கஞ்சாவில் நடக்காததற்கு இதுதான் காரணம். ‘கஞ்சாவால் யாரும் சாவதில்லை’ என்று சொல்பவர்கள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சு நிற்காது என்பதும் கெடுதலே இல்லை என்பதும் ஒன்றல்ல. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மருந்தாக அது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பாட்டிலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பெயர் எபிடியோலெக்ஸ். செடியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த சி.பி.டி. நல்லெண்ணெயில் கரைத்து, ஸ்ட்ராபெர்ரி மணம் சேர்த்தது. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்காக 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி தந்தது. குழந்தையின் எடையைப் பார்த்து, கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்று காலையும் மாலையும் ஆரம்பிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அதை இரட்டிப்பாக்க வேண்டும். தொடங்கும் முன்பே கல்லீரல் பரிசோதனை செய்து, தொடங்கிய பிறகும் குறிப்பிட்ட மாதங்களில் மறுபடி பார்க்க வேண்டும். குழந்தை ஏற்கெனவே வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடுகிறது என்றால் கல்லீரல்மீது இன்னும் கூடுதலாகக் கண் வைக்க வேண்டும்.

டிராவே நோயுள்ள, 2 முதல் 18 வயது வரையான 120 பேரிடம் இதைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த பெரிய வலிப்பு, எல்லோரையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பவரைப் பார்க்கும் இடைநிலைக் கணக்கில், 5.9 ஆகக் குறைந்தது. மருந்தில்லாத கரைசலைக் குடித்தவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆனது, அவ்வளவுதான். வலிப்பு முழுவதுமாக நின்றவர்கள் 100-க்கு 5 பேர்தான். தூக்கக் கலக்கமும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. ஆகவே இது அதிசயம் அல்ல. ஆனால் மாதத்தில் பன்னிரண்டு முறை வந்த வலிப்பு ஆறு முறையாவது என்றால் என்ன என்று, இரவெல்லாம் பிள்ளையின் பக்கத்தில் விழித்திருக்கும் தாய்க்குத் தெரியும்.

இந்தப் பலனைப் பெற யாருக்கும் புகைக்க அனுமதி தர வேண்டியிருக்கவில்லை. மற்ற மருந்துகள் எந்த வழியாக வருகின்றனவோ அதே வழியாக வந்தது. சோதனை, அளவு, பக்கவிளைவு, மருத்துவர் சீட்டு. நான் கேட்பது இதைத்தான்.

அந்த வழியில் வராவிட்டால் என்ன ஆகும்? சி.பி.டி. எண்ணெய் என்று இணையத்தில் விற்ற 84 பொருட்களை வாங்கிப் பரிசோதித்து, 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாட்டில்மேல் ஒட்டிய சீட்டில் எழுதியிருந்த அளவு சரியாக இருந்தது ஏறக்குறைய 31 சதவீதத்தில்தான். 18 பொருட்களில் டி.எச்.சி. இருந்தது. குழந்தைக்கு வலிப்பு குறையட்டும் என்று வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், தாங்கள் கொடுப்பது மருந்தா, வெறும் எண்ணெயா, போதையா என்றே தெரியாமல் கொடுக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

தடையை ஆதரிப்பவர்கள் பக்கமும் பெரிய தவறு இருக்கிறது. 1961-ல் வந்த ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மருத்துவப் பயன் அரிது என்ற நான்காம் பட்டியலில் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து, 2020 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்த பிறகுதான் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஆதரவு 27, எதிர்ப்பு 25. அமெரிக்காவில் ஆராய்ச்சிக்குக் கஞ்சா பயிரிட 2021 வரை ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்குத்தான் உரிமம் இருந்தது. ஆதாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஆதாரம் தேடும் வழியையும் அடைத்து வைத்திருந்தார்கள். எத்தனை நோயாளிகளின் காலம் அதில் போயிற்று!

எல்லா நோய்க்கும் கஞ்சா என்பதும் சரியில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் குமட்டலுக்கும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் தசை இறுகுவதற்கும் பலன் உண்டு. கண் அழுத்த நோயில் அழுத்தம் குறைவது சில மணி நேரம்தான், அதனால் உதவாது. நாள்பட்ட வலிக்குப் பலன் இருக்கிறது என்று 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு சொன்னது. 2021-ல் வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம், பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றது. இன்னும் முடியாத வழக்கு அது.

இனி, இரண்டு கேள்விகளையும் கலந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1996-ல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தார்கள். எய்ட்ஸாலும் புற்றுநோயாலும் வாடியவர்களுக்காகத்தான் அந்த இயக்கம் எழுந்தது, அந்தப் பரிவை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் சட்டத்தில் நோய்களின் பட்டியல் முடிந்ததும், கஞ்சா நிவாரணம் தரும் வேறு எந்த நோய்க்கும் என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். மருத்துவர் வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். எவ்வளவு, எத்தனை நாள், எந்த வீரியம், ஒன்றும் கிடையாது. அது சிகிச்சை என்ற பெயரில் திறந்த கடைக்கதவு.

தாய்லாந்தின் கதை இன்னும் தெளிவானது. முதலில் மருத்துவத்துக்கு மட்டும் என்று அனுமதித்தார்கள். 2022 ஜூனில் செடியையே போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மருத்துவத்துக்காகத்தான் என்று அரசு சொன்னது. ஆனால் விற்பனையை ஒழுங்குபடுத்தும் முழுமையான சட்டம் வரவே இல்லை. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூ விற்கக் கூடாது என்று திரும்ப இழுத்துக் கட்டினார்கள். கட்டுப்பாடு முதலில் வந்திருக்க வேண்டும், கடை அப்புறம்.

சரி, போதைக்காகப் பயன்படுத்துவது பற்றி என்ன செய்யலாம்? பயன்படுத்துபவரைச் சிறையில் தள்ளுவதை நிறுத்த வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் கையில் வைத்திருந்ததாகக் கைதாவதில் கறுப்பினத்தவர் 3 மடங்குக்கும் மேல். போர்ச்சுகல் 2001 முதலே, சொந்தப் பயன்பாட்டுக்குக் கொஞ்சம் வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்கு அனுப்புவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்த மூன்று பேர் கொண்ட குழுவிடம் அனுப்புகிறது. சிகிச்சை தேவையா என்று அவர்கள் பேசிப் பார்க்கிறார்கள். விற்பது அங்கே இன்றும் குற்றம்தான். சிறை வேண்டாம் என்று சொல்வதும் கடை வேண்டும் என்று சொல்வதும் ஒன்றல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

கடையைப் பற்றித்தான் என் கவலை எல்லாம். ‘அந்தக் காலத்தில் நாங்கள் பார்க்காத கஞ்சாவா’ என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995-ல் சராசரி டி.எச்.சி. 4 சதவீத அளவில் இருந்தது. 2014-ல் அது 12 சதவீத அளவு. பிழிந்தெடுத்த சாறுவகைகளில் இன்னும் பல மடங்கு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ டி.எச்.சி. உள்ள கஞ்சாவைத் தினமும் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட, நிஜம் எது பிரமை எது என்று தெரியாமல் போகும் மனப்பிறழ்வு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. குடும்பத்தில் அந்த நோய் இருப்பவர்களும், மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளையவர்களும் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

தின்னும் வகை வேறு மாதிரி ஆபத்து. புகைத்தால் சில நிமிடத்தில் தெரியும். மிட்டாயாகத் தின்றால் அரைமணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கல்லீரல் அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்றி அனுப்புகிறது. ஒன்று தின்றவர் ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னும் இரண்டு தின்கிறார். பிறகு எல்லாம் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடக்க, உயிர் போகிறது என்ற பீதியோடு மருத்துவமனைக்கு ஓடுகிறார். பெரியவருக்கே இப்படி என்றால், மேசைமேல் கிடக்கும் சாக்லேட்டைச் சின்னக் குழந்தை எடுத்தால்? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு பொட்டலத்தில் 100 மில்லிகிராம் டி.எச்.சி. வரை விற்கலாம். கனடாவில் 10-தான், உறையும் வெறும் உறையாக, பிள்ளைகளைக் கவராதபடி இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் சட்டபூர்வம்தான். ஆனால் ஒரு குழந்தைக்கு இரண்டும் ஒன்றா?

தினமும் பயன்படுத்துபவர்கள்தான் விற்பனையின் பெரும்பகுதியை வாங்குகிறார்கள். அப்படியானால் லாபத்துக்காக நடக்கும் நிறுவனத்துக்கு, அடிமையானவர்தான் நல்ல வாடிக்கையாளர். சிகரெட் வியாபாரத்தில் நாம் பார்த்தது இதுதான். உருகுவே 2013-ல் சட்டம் கொண்டுவந்து, 2017 முதல் மருந்துக்கடையில் விற்கிறது. பதிவு செய்த குடிமக்களுக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் மட்டும், மாதம் 40 கிராம் வரை, விளம்பரமே கிடையாது. ஜெர்மனி 2024-ல், கடை திறக்காமல், லாபமில்லாச் சங்கங்களில் உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே பயிரிட்டுக்கொள்ள விட்டது. இவற்றிலும் குறைகள் உண்டு, மறைவுச் சந்தை அடியோடு ஒழியவில்லை. ஆனாலும் ஒரு நாடு அனுமதிப்பது என்று முடிவெடுத்தால், இந்த வழியில்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வண்டி ஓட்டும் விஷயத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். மதுவை ஊதிப் பார்த்துக் கணக்கிடுவதுபோல் இதில் முடியாது. தினமும் புகைப்பவர் இரத்தத்தில் போதை தெளிந்த பிறகும் டி.எச்.சி. தங்கியிருக்கும்.

கடைசியாக ஒன்று. சட்டம் மாறும் நாளில் எல்லோரும் புதுக் கடைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பழைய தண்டனைப் பதிவோடு வேலை கேட்டு அலைபவர்களை யாரும் நினைப்பதில்லை. கனடா 2018-ல் கஞ்சாவை அனுமதித்தது. கையில் வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றவர்களின் பதிவைக் கட்டணமில்லாமல் ஒதுக்கிவைக்கும் சட்டம் 2019-ல்தான் வந்தது. அதற்கும் அவர்களே ஆவணங்களைத் திரட்டி விண்ணப்பிக்க வேண்டும், அதனால் பலன் பெற்றவர்கள் மிகச் சிலர். கலிஃபோர்னியா 2018-ல் வேறு மாதிரி செய்தது. பழைய வழக்குகளை அரசே தேடியெடுத்துப் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டது. இனி எந்த நாடு சட்டத்தை மாற்றினாலும், முதல் கடைக்கு உரிமம் தருவதற்கு முன்பே இந்தப் பதிவுகளை அரசு தானாகவே நீக்கிவிட வேண்டும். சட்டமன்றத்தில் இருப்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.